கோணல் காமிராவில் இல்லை

வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்ட வருடம், என் மகள் எனக்கு ஒரு காமிரா வாங்கிக் கொடுத்தாள். அதில் எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாமல் மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் நடந்த வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் கோடம்பாக்கத்தில் பல காலம் சினிமாவுக்கு ஸ்டில் எடுத்தவர். அளந்துதான் பேசுவார்.

"நல்ல படம் எடுக்க ஊர் ஊராப் போக வேணாம். உங்க ஜன்னல்லேருந்து தெரியற ஒரு இடத்தை தெனம் எடுங்க. ஒரே இடம், ஒரே நேரம். வெளிச்சம் என்ன பண்ணுதுன்னு தன்னால புரியும்" என்றார்.

எங்கள் வீடு தி. நகரில், துணிக்கடைகளின் இரைச்சல் எட்டாத ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் முதல் மாடி. ஜன்னலைத் திறந்தால் தெரு முழுவதும் நேராக நீண்டு தெரியும். இடதுபக்கம் ஒரு பழைய காம்பவுண்டு சுவர், ஆள் உயரத்துக்கும் மேலே. அதன் பின்னால் இருந்த பங்களாவை இடித்துவிட்டு அடுக்குமாடிக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சுவரை மட்டும் இடிக்கவில்லை. அதை ஒட்டினாற்போல் தெருவில் ஓர் இஸ்திரி வண்டி. கணவன் தேய்ப்பார், மனைவி மடித்து அடுக்குவாள். வண்டிக்கு அடியில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும்.

அதைத்தான் எடுக்க ஆரம்பித்தேன். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் சுவரின் ஒவ்வொரு காரைப் பெயர்வும் விரிசலும் எழும்பித் தெரிந்தது. உச்சி வெயிலில் எடுத்தால் அதே சுவர் சப்பையாக இருந்தது. வெள்ளைச் சட்டைகள் வெளிறிப் போகாமலிருக்க வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைக்கப் பழகினேன்.

"இன்னாம்மா, தெனம் எங்களையே புடிச்சிக்கினு கீற?" என்று அந்தப் பெண் கீழேயிருந்து கேட்பாள்.

மழைக்காலம் நெருங்கிய ஒரு ஞாயிறு, படங்களை ஆசிரியரிடம் காட்டினேன்.

"வெளிச்சம் நல்லா இருக்கு. ஆனா சுவர் சாயுது பாருங்க. காமிராவைக் கீழ கவுத்துப் பிடிச்சிருக்கீங்க. அகல லென்ஸ்ல அப்படிப் பிடிச்சா நேரா நிக்கிறதெல்லாம் சாயும். கொஞ்சம் பின்னாடி தள்ளி நில்லுங்க, ஜூம் பண்ணுங்க. ட்ரைபாட் வையுங்க. திரையில ஒரு மட்டக்கோடு வரும், அது பச்சையானப்புறம்தான் அழுத்தணும்."

சொன்னபடியே செய்தேன். ஹாலுக்குள் தள்ளி ட்ரைபாடை வைத்து, அதன் கால்கள் நின்ற இடங்களில் தரையில் ஒட்டுநாடா ஒட்டினேன். கட்டக்கோடுகளைத் திரையில் வரவழைத்தேன். சுவரோரம் நின்ற மின்கம்பம் கோட்டோடு கோடாக நின்றது. எதிர்வீட்டுக் கதவு நேராக நின்றது. சுவர் நிற்கவில்லை. தலைப்பக்கம் மட்டும் தெருவை நோக்கி வந்திருந்தது.

இன்னும் என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து, ட்ரைபாட் வைத்து எடுத்த முதல் படத்தின் மேல் புதிய படத்தைக் கணினியில் வைத்து, மேலே இருந்ததைப் பாதி தெரியும்படி மங்கலாக்கினேன். கம்பம் கம்பத்தோடு பொருந்தியது. கதவு கதவோடு பொருந்தியது. சுவரின் உச்சிக்கு மட்டும் இரண்டு விளிம்புகள் இருந்தன.

அடுத்த வகுப்பில் ஆசிரியர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். மற்றவர்கள் எழுந்து போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இது லென்ஸ் இல்ல மேடம். அந்த வண்டிக்காரங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

முதலில் பள்ளம் தோண்டுபவர்களின் மேற்பார்வையாளரிடம் போனேன். படத்தைப் பார்க்காமலே சிரித்தார். "பழைய சுவர் மேடம், அப்படித்தான் இருக்கும். மழைக்குள்ள கான்கிரீட் போட்டுட்டா நாங்களே இடிச்சிடுவோம். போட்டோவுல எதை வேணா வளைக்கலாம்" என்றார். மாநகராட்சி அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள், யாரும் வரவில்லை.

இஸ்திரிக்காரரும் கேட்கவில்லை. "நான் கண்ணாலம் கட்டுன நாள்லேருந்து இந்தச் சொவரு இப்டித்தாம்மா நிக்குது. எடத்த வுட்டா நாளிக்கி வேற எவனாவது வந்து நின்னுக்குவான்."

அவர் மனைவிதான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு காமிராவை வாங்கினாள். ட்ரைபாட் வைத்த முதல் நாள் எடுத்ததையும் அன்று காலை எடுத்ததையும் அடுத்தடுத்து வைத்திருந்தேன். படம் மாற்ற காமிராவின் பின்பக்கச் சக்கரத்தை எப்படித் திருப்புவது என்று காட்டினேன். திருப்பினாள். சுவர் அவர்கள் தலைக்கு மேல் வந்தது. பின்னால் திருப்பினாள். சுவர் விலகிப் போனது. மறுபடி திருப்பினாள்.

"ரெண்டுலயும் நாங்க குனிஞ்சிக்கினேதாம்மா கீறோம்" என்றாள் மெதுவாக. பிறகு புருஷனைப் பார்த்து, "யோவ், பெட்டிய எடு" என்றாள்.

அன்றைக்கே வண்டியை எங்கள் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் முணுமுணுத்தார். மழை முடியும்வரை என்று கேட்டு அனுமதி வாங்கினேன். நாயை அவள் எத்தனை முறை கூப்பிட்டும் அது பழைய இடத்துக்கே திரும்பிப் போனது.

மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. மோட்டார் வைத்து இறைத்து இறைத்துத் தெருவில் விட்டார்கள், தெரு முழுவதும் செம்மண் சேறாக ஓடியது. நான் காலையில் மட்டும் எடுப்பதை விட்டுவிட்டு, காபி போடும் நேரம், துணி காயப்போடும் நேரம் என்று நினைத்தபோதெல்லாம் எடுத்துக் கோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. ஜன்னலில் நின்று, அந்தப் பக்கம் நடப்பவர்களை எல்லாம் எதிர்ப்பக்கம் போகச் சொல்லிக் கத்தினேன். சிலர் நகர்ந்தார்கள். சிலர் எனக்கு ஏதோ கோளாறு என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் அது விழுந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. லாரியில் மணல் கொட்டுவதுபோல் ஒரு சரசரப்பு, அவ்வளவுதான். கம்பத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஒரு பொறி பறந்து மின்விசிறி நின்றது. வண்டி இருந்த இடத்தில் செங்கல்லும் சேறுமாக ஒரு மேடு கிடந்தது.

காமிரா பக்கத்திலேயே தயாராக நின்றது. நான் அதைத் தொடவில்லை. கீழே ஓடினேன். மின்சாரம் நின்றுவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகு இஸ்திரிக்காரர் வெறுங்கையால் செங்கற்களை எடுத்துப் போட்டார். நாய் அடியில் கிடந்தது. வேறு யாரும் இல்லை. அவர் மனைவி எங்கள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

சாயங்காலம் மேற்பார்வையாளர் எங்கள் மாடிக்கு வந்தார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"மேடம், அந்தப் போட்டோல்லாம் இன்னும் வச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"வேற யாருக்காவது அனுப்பினீங்களா?"

நான் கதவைச் சாத்தினேன். மறுநாளே எல்லாப் படங்களையும் போலீஸ் நிலையத்தில் கொடுத்தேன். கொஞ்ச நாள் வேலை நின்றது. பிறகு உயரமாகத் தகரம் அடித்து மறைத்துவிட்டு மீண்டும் தோண்டினார்கள். இப்போது என் ஜன்னலிலிருந்து தகரம்தான் தெரிகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை.

இஸ்திரி வண்டி எங்கள் வாசலிலேயே தங்கிவிட்டது. போன வாரம் நான் காய்கறிப் பையோடு திரும்பியபோது அவள் வழியை மறித்தாள்.

"கோடம்பாக்கத்துல எங்க வூட்டு பின்னால பள்ளம் தோண்டிக்கினு கீறாங்கம்மா. நீ ஒருதபா வந்து போட்டோ புடிச்சி பாக்கறியா?"

இந்த ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. பின்சுவரில் சாமி படங்கள். ட்ரைபாடின் கால்களை முழுதாக விரிக்கக்கூட இடம் போதவில்லை. கட்டிலை வெளியே எடுத்துப் போட்டார்கள். மட்டக்கோடு பச்சையாகும்வரை அவளும் என் தோளுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரா கீதா?" என்றாள்.

"ஒரு படத்துல தெரியாது. அடுத்த வாரம் இன்னொண்ணு எடுக்கணும்" என்றேன்.