நாட்டரசன்கோட்டை வண்டி

என் மாமுவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல இன்றைக்கும் எனக்கு மனசு வருவதில்லை. அம்மாவின் தம்பி அவர். காரைக்குடியில் சந்தைக்குப் போகும் சாலையில் கொட்டகை போட்டு, பழைய சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்து நல்ல விலைக்கு விற்றுவந்தார். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல மாட்டேன். துருவை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, ரிம்மின் கோணலை நிமிர்த்தி, கறுப்பு பெயிண்ட் அடித்து நிறுத்தினால், விற்றவனுக்கே தன் வண்டி அடையாளம் தெரியாது. வாய்தான் சுத்தமில்லை. எந்த ஊர் வண்டியும் அவர் கொட்டகைக்குள் நுழைந்தால், நாட்டரசன்கோட்டைப் பணக்கார ஆச்சி வீட்டில் ஓட்டாமலே நின்ற வண்டியாகிவிடும்.

எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், பச்சை சைக்கிளையும் அவர்தான் "சரி பண்ணித் தாரேன்" என்று தள்ளிக்கொண்டு போனார். அத்தா மலேயாவுக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. திரும்பி வந்ததும் எனக்கு ஓட்டக் கற்றுத் தருவதாகச் சொல்லியிருந்தார். பெண் பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள் என்று எல்லாரும் சிரித்தபோது சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். ஆகவே அது என் வண்டி. பத்து வயதில் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாதம் ஒன்றாகியும் வண்டி வரவில்லை. யாரிடம் கேட்பது? வீடு முழுக்க அக்காவின் கல்யாணப் பேச்சு. தேவகோட்டையில் மாப்பிள்ளை, அத்தா பெருநாளுக்கு வந்ததும் நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. நான் கேட்டால் அம்மா, "வரும்டி, போ அங்குட்டு" என்பாள்.

ஒரு திங்கட்கிழமை, சந்தைக் கூட்டத்துக்கு நடுவே கொட்டகைப் பக்கம் போனேன். புதுவயல் அரிசி ஆலைக் கணக்கப்பிள்ளை ஒருவர் கறுப்பு வண்டி ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாட்டரசன்கோட்டை ஆச்சி வீட்டு வண்டி. மழையே பட்டதில்ல, ஓட்டிப் பாருங்க" என்றார் மாமு.

அந்த வண்டியின் பின் மட்கார்டில் ஒரு பள்ளம் இருந்தது. நான் அம்மியில் சாய்த்து வைத்து, வண்டி கீழே விழுந்ததில் ஏற்பட்ட பள்ளம். அதற்கு வாங்கிய அடி எனக்கு மறக்குமா? எத்தனை பூச்சு பூசினால்தான் என்ன!

"பொய்! இது மலேயாவுல இருக்க எங்க அத்தா வண்டி! திருடி விக்கிறாக!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

கணக்கப்பிள்ளை ஹேண்டிலில் இருந்து கையை எடுத்தார். "என்ன பாய் இது? மலேயாவுல இருக்கவுக வண்டிய எதுக்கு விக்கிறீக? அவுக திரும்பி வரலையா?"

மாமு தோள் துண்டை எடுத்து அந்தப் பள்ளத்தின் மேல் போட்டார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"பிள்ளை அழுகுது. எனக்கு வேணாம் பாய்" என்று கணக்கப்பிள்ளை போய்விட்டார். சாயங்காலமே வண்டி வீட்டுக்கு வந்தது. அம்மா அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அத்தாவிடமிருந்து ஒரு வருஷமாகக் கடிதமே இல்லை. அது அம்மாவுக்கும் மாமுவுக்கும் மட்டும் தெரியும். திரும்பி வரப்போகிறவரின் வண்டியை எந்த வீட்டிலும் விற்க மாட்டார்கள். அதனால்தான் கறுப்பு பெயிண்ட், அதனால்தான் நாட்டரசன்கோட்டை. விற்றால்தான் கல்யாணச் செலவுக்கு ஏதாவது ஆகும் என்ற நிலை. சரி, இதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பத்து வயதுப் பிள்ளை ரகசியத்தைத் தாங்க மாட்டாள் என்று நினைத்தவர்கள், பொய்யை மட்டும் தாங்குவாள் என்று எப்படி நினைத்தார்கள்? சந்தையில் நான் கத்தியது காதுக்கு எட்டிய தேவகோட்டைக்காரர்களைத்தான் கேட்கிறேன், அத்தா வராவிட்டால் எங்கள் அக்கா வேறு பெண்ணாகிவிடுவாளா?

இந்தக் கேள்விகளெல்லாம் பின்னால் வந்தவை. அந்த வியாழக்கிழமை, தேவகோட்டையிலிருந்து இரண்டு பேர் வந்து காப்பிகூடக் குடிக்காமல் போனது மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் முற்றத்தில் என் வண்டியின் பெல்லை அடித்துக்கொண்டிருந்தேன். மாமு புதிதாக மாட்டிய பெல், கணீரென்று கேட்டது. அக்கா வெளியே வந்து, "போதும்டி" என்று அதைக் கையால் பொத்தினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கல்யாணமாகிப் போகப்போகிறவளுக்கு என் சைக்கிள்மேல் என்ன பொறாமை என்று, அவள் கையைத் தட்டிவிட்டு இன்னும் பலமாக அடித்தேன்.