விளக்குப் படம் என்று நினைத்தோம்

போன வாரம் கிள்ளான் அலுவலகத்தில் எனக்குப் புதுக் கணினி கொடுத்தார்கள். திறந்ததும் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. பட்டியலில் கீழே இறங்கினால் ‘தமிழ்’. அவ்வளவுதான், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்து மேசைப் பெண், “என்னாக்கா, தனியா சிரிக்கிறீங்க, ஓகேயா?” என்றாள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பள்ளியில் படித்த காலத்தில் சாலாக் செலாத்தானில் நாலு மாடி அடுக்குவீட்டு புளோக் ஒன்றில் இருந்தோம். நானும் கீழ்வீட்டு யோகியும் தமிழ்ப்பள்ளியிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். முழுப்பெயர் யோகேஸ்வரி, அப்படிக் கூப்பிட்டால் கடித்துவிடுவாள். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் வருஷம், புவியியல் டீச்சர் எங்கள் இருவரையும் சேர்ந்து ஒரு ஃபோலியோ செய்யச் சொன்னார். உங்கள் புளோக்கில் பஸ்ஸா மோட்டாரா, யார் எதில் வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டு வர வேண்டும். வரைபடத்தைக் கணினியில்தான் போட வேண்டும் என்று கண்டிப்பு. அந்தக் கண்டிப்புக்குக் காரணமே நான்தான். முந்தைய ஃபோலியோவில் நான் கையால் வரைந்த வட்டத்தின் துண்டுகளைக் கூட்டினால் முந்நூற்று எழுபது பாகை வந்தது. இந்த முறையும் சொதப்பினால், அடுத்த வருஷம் மார்க் வாரியாக வகுப்பைப் பிரிக்கும்போது நான் ஒரு பக்கம், யோகி ஒரு பக்கம்.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். ஞாயிறு காலை எங்கள் வீட்டுக் கணினியைத் திறந்தால், அதிலிருந்த மென்பொருள் இலவச நாள் முடிந்துவிட்டது, காசு கட்டு என்கிறது. காசுக்கு எங்கே போவது? யோகிதான் இணையத்தைத் துழாவி, எப்போதுமே இலவசமான ஒன்றைப் பிடித்தாள். இறங்கி முடிக்க மத்தியானம் ஆனது. தீபாவளிக்கு முந்தின வாரம் அது. அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். எங்கள் விரலெல்லாம் எண்ணெய், கீபோர்டெல்லாம் சீரகம்.

“ஏய், தமிழ் இருக்குடி!” என்று கத்தினாள் யோகி. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இல்லையா, ரோஷம் வந்து அமுக்கிவிட்டோம்.

அங்கேதான் மாட்டினோம். எங்களுக்குத் தமிழ்ப்பள்ளியில் சொல்லிக்கொடுத்தது ‘வட்டக் குறிவரைவு’. இதில் குறிவரைவையே காணோம். கட்டத்துக்குப் பெயர் கலமாம். ‘நுழை’ என்று ஒன்று இருந்தது, நுழைந்தால் ‘விளக்கப்படம்’.

“அது விளக்குப் படம்டி. தீவாளிக்குப் போட்டிருக்கான்,” என்றாள் யோகி. எனக்கும் நியாயமாகவே பட்டது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் அமுக்கினோம். மொழியைத் திரும்ப மாற்றும் இடமும் தமிழுக்குள்ளேயே எங்கோ ஒளிந்துகொண்டது.

கடைசியில் யோகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போ, மார்க்குதான் இல்ல. அட்டையில ஒரு விளக்காச்சும் போடலாம்,” என்று அதைத் தட்டினாள்.

திரை முழுக்க வண்ண வண்ணப் பட்டைகள்! பக்கத்திலேயே வட்டமும் இருந்தது. அதைத் தட்டினால் புளோக்கின் நாற்பது வீடும் துண்டு துண்டாக வந்து உட்கார்ந்துவிட்டன. ஒரு பாகை கூடவில்லை. கட்டிலில் ஏறிக் குதித்தோம். கீழிருந்து யோகியின் அம்மா துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார்.

சத்தம் கேட்டு அப்பா எட்டிப் பார்த்தார். நாற்பது வீட்டில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

“இதுல நான் எங்கம்மா?”

நூல் மாதிரி இருந்த மஞ்சள் துண்டைக் காட்டினேன். “பாத்தியா, நான் மட்டும் தனியா தெரியறேன்!” என்று அம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாள் டீச்சர் அந்த மஞ்சளில் விரலை வைத்து, “இனி ஆப்பா?” என்றார். ‘இது என்ன?’ என்பதற்கு மலாய். யோகியின் காதில் அது அப்பாவாகவே விழுந்திருக்கிறது. “ஆமாம் டீச்சர், இவளுடைய அப்பாதான்,” என்று மலாயிலேயே பெருமையாகச் சொன்னாள். விஷயம் புரிந்ததும் டீச்சர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி இறங்கிவிட்டது. மார்க் கிடைத்தது. அடுத்த வருஷமும் நாங்கள் ஒரே வகுப்பு.

அந்த புளோக்கை இடித்து, அண்ணாந்து பார்க்கும்படி வேறொன்று கட்டிவிட்டார்கள். யோகி கல்யாணமாகிப் பந்திங்கில் இருக்கிறாள். விளக்குப் படம் என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும், சிரித்துக்கொண்டே கூப்பிடுவாள். நான் இப்போது ஒரு நாளைக்குப் பத்து வரைபடம் போடுகிறேன். ஒரே தட்டு, வந்து நிற்கிறது. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். யாரும் அதில் தங்களைத் தேடுவதில்லை. தேடுகிற ஒரே ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டார்.