நாற்பத்தோராம் பக்கம்

பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தராக இருந்தவருக்குப் பேராசிரியர்கள் வைத்திருந்த பெயர் கமா. ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதும் முன்மொழிவு எதுவானாலும் அவர் மேசையைத் தாண்டித்தான் நிதிக்குழுவுக்குப் போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு கமா விடுபட்டாலும், பக்க எண் தவறினாலும் திருப்பி அனுப்புவார். முத்திரை கோணலாக விழுந்தாலும் திருப்பி அனுப்புவார். தன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையையே மூன்று தடவை அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவர் என்று ஒரு கதை உலவியது. கதையில்லை, நிஜம்தான், ஆனால் நான்கு தடவை.

அதே பல்கலைக்கழகத்தில், செவித்திறன் துறையில், அவருடைய தங்கை ஒப்பந்த ஆராய்ச்சியாளராக இருந்தாள். பதினொரு வயது இளையவள். அப்பா போனபிறகு அவளைப் படிக்கவைத்தது இவர்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம், "அண்ணன் உள்ளே இருக்காரு, அப்புறமென்ன?" என்று காபி எந்திரத்தின் பக்கம் யாரோ சொன்னது இவர் காதில் விழுந்தது. அன்றிலிருந்து வளாகத்தில் அவளோடு சேர்ந்து நடப்பதைக்கூட நிறுத்திவிட்டார். வீட்டில் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். அலுவலகத்தில் அவள் இன்னொரு விண்ணப்பதாரர், அவ்வளவுதான்.

வயதானவர்கள் காதுக்கருவியை வாங்கி, நாலு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, ஏன் இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள்? இதுதான் அவளுடைய ஆய்வு. நான்கு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நூற்று முப்பத்தாறு பேர். ஒருவர், குக்கர் சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்றார். இன்னொரு அம்மாள், மருமகள் தன்னைப்பற்றிப் பேசுவதெல்லாம் நன்றாகக் கேட்கிறது, அதனால்தான் கழற்றிவிட்டேன் என்றாள். தங்கை வீட்டுக்கு வந்து இதையெல்லாம் நடித்துக் காட்டுவாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். "இதையும் எழுது. ஆனா எழுத்துப்பிழை இல்லாம எழுது" என்பார்.

நிதி கிடைத்தால்தான் அவள் ஒப்பந்தம் நீளும். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சரி. கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. மருத்துவமனையிலிருந்து வரவேண்டிய அனுமதிக் கடிதம் இழுத்தடித்ததில், அன்று காலை பதினொரு மணிக்குத்தான் அறுபத்திரண்டு பக்கங்களையும் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். அவர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் விரல் நின்றது.

"துறைத் தலைவர் கையெழுத்து இல்லையே?"

"அவர் ஃப்ளைட்ல இருக்காருண்ணா. ஏழு மணிக்குத்தான் இறங்குவாரு. சம்மதம்னு மெயில் போட்டிருக்காரு, பாரு. திங்கக்கிழமை கையெழுத்து வாங்கித் தந்துடறேன். இப்ப வெப்சைட்ல ஏத்திவிடு."

"மெயில் கையெழுத்தாகாது."

"அண்ணா, நான் கேக்கறேன்."

"நீ கேக்கறதாலதான் முடியாதுங்கறேன். வேற யாராவது இப்படிக் கொண்டாந்தா ஏத்துவேனா? தங்கச்சின்னதும் விதி வளையுதுன்னு நாளைக்கு நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசுவாங்க."

அவள் அதற்குமேல் கெஞ்சவில்லை. துணைத் தலைவரிடம் ஓடினாள். தனக்கு அதிகாரமில்லை என்று அவர் கையை விரித்தார். திரும்பி வந்து, அண்ணனின் அறைக்கு எதிரே இருந்த இரும்பு பெஞ்சில், காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் வேறொரு முன்மொழிவின் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவதுபோல் இருந்தார்; இருபதைத் தாண்ட முடியவில்லை. ஐந்து மணி ஆனதும் நிதிக்குழுவின் இணையதளத்தில் 'சமர்ப்பி' என்றிருந்த பச்சைப் பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது பெஞ்சில் யாரும் இல்லை.

"ஒரு கையெழுத்துக்காடா?" என்று அன்றிரவு வீட்டில் அம்மா மட்டும் கேட்டாள். "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றார். தங்கை சண்டை போடவில்லை. மாதம் முடிந்ததும் இன்னொரு ஊரில், காதுக்கருவி விற்கும் கடையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

அவள் போய் மூன்று வாரம் இருக்கும். அந்த வருடக் கோப்பைக் கட்டிவைக்கும்போது நிதிக்குழுவின் பழைய சுற்றறிக்கை ஒன்று கண்ணில் பட்டது. இரண்டாம் பத்தியில் இருந்தது: துறைத் தலைவரின் ஒப்பம் இல்லாமலும் முன்மொழிவைச் சமர்ப்பிக்கலாம், ஒப்பத்தை முப்பது நாளுக்குள் தனியே அனுப்பினால் போதும். ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி ஒரு சுருக்கொப்பம். அவருடையதுதான். சுற்றறிக்கை வந்த நாளில், மற்ற நாற்பது கடிதங்களோடு சேர்த்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

காகிதம் கிழிக்கும் எந்திரம் நாலடி தூரத்தில்தான் இருந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சுற்றறிக்கையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அலுவலகக் காகிதம் ஒன்றை அவர் வெளியே எடுத்துப் போனது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்தார். நான்கு மணி நேரம். கடையின் கண்ணாடி அறைக்குள் தங்கை ஒரு பெரியவரின் காதுக்குப் பின்னால் எதையோ பொருத்தி, "இப்ப கேக்குதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணா! என்ன, சொல்லாம கொள்ளாம?"

அவர் காகிதத்தை நீட்டினார். நின்றபடியே படித்தாள். ஓரத்துக் கையெழுத்தில் கண் நின்றது.

"படிக்காமலே போட்டியா?"

ஆமென்று தலையை ஆட்டினார்.

"இதை ஏண்ணா எடுத்துட்டு வந்தே?"

"உனக்குத் தெரியணும்னு..."

"எனக்கு எதுக்குத் தெரியணும்? எங்கண்ணன் எனக்காகக்கூட வளைய மாட்டான், அப்படியொரு மனுஷன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். கோவம் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா பெருமையும் இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு."

"அடுத்த வருஷம் போடலாம்மா. நானே கூட உக்காந்து..."

"அந்த நூத்தி முப்பத்தாறு பேர்ல நான் கிளம்பறதுக்குள்ளயே மூணு பேர் போய்ச் சேந்துட்டாங்க. அடுத்த வருஷம் யார் வீட்டுக் கதவத் தட்டறது?"

உள்ளேயிருந்து பெரியவர் கூப்பிட்டார். காகிதத்தை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவர் சும்மா இருக்கவில்லை. தவறு தன்னுடையது என்று நிதிக்குழுவுக்கு இரண்டு கடிதம் எழுதினார். காலக்கெடு முடிந்தவற்றைப் பரிசீலிக்க இயலாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மேலதிகாரியிடம் ஒப்புக்கொண்டார், "விடுங்க சார், யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?" என்று அந்த அதிகாரி சிரித்துவிட்டார். வருடம் திரும்புவதற்குள், அவள் அங்கே தனியாக இருக்கிறாள் என்று சொல்லி அம்மா தன் துணிகளை எடுத்துக்கொண்டு மகளிடமே போய்விட்டாள்.

இப்போதும் மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போகிறார். தங்கை முகம் சுளிப்பதில்லை. கதவைத் திறந்து, விலகி நின்று, "வாங்கண்ணா. சாப்பிட்டீங்களா?" என்கிறாள்.

முதல் தடவை அப்படிக் கேட்டபோது உள்ளேயிருந்த அம்மா சட்டென்று தலைநிமிர்ந்து மகனைப் பார்த்தாள். பிறந்து பேசக் கற்றதிலிருந்து தங்கை அவரை 'நீங்க' என்றதில்லை. "ஆச்சும்மா" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, அவள் கொண்டுவந்து வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.