பெட்டி மட்டும் நம்முடையது

சூட்கேஸ் விற்கிறவன் கை பட்ட சாமான் உலகத்தில் உள்ள ஊருக்கெல்லாம் போய் வரும். அவன் மட்டும் காலையில் தி.நகர், ராத்திரி சைதாப்பேட்டை.

துணிக்கடையோ, பாத்திரக்கடையோ, நின்றுகொண்டே பிழைக்கிற என் கூட்டாளிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சாயந்திரமானால் கால் வீங்கி, காலையில் போட்டு வந்த செருப்பு நுழையாமல் தவிக்கிறவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். பள்ளிக்கூடம் எனக்கு அஞ்சாவதோடு சரி. மிச்சத்தைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று காதால் படித்தேன். நல்ல நல்ல வாத்தியார்கள் கிடைத்தார்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அடையாறு பக்கம் ஒரு காலேஜ் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளில் கொஞ்சம் பேரைத் தேர்ந்தெடுத்து, கோடை லீவில் ஆறு வாரம் வெளிநாட்டு யுனிவர்சிட்டியில் படித்துவிட்டு வரச் சொல்லி அனுப்புகிறார்கள். ஏரோப்ளேன் டிக்கெட், விசா, தங்குகிற ரூம், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. யார் பெற்ற பிள்ளைக்கோ யாரோ ஒரு மகராசன் செலவு செய்கிறான். அவன் முகம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் கடை திறந்ததும் சாமி படத்துக்குக் கும்பிடு போடும்போது அவனுக்கும் சேர்த்தே போட்டுவிடுவேன். ஏனென்றால் அவன் வாங்கித் தராத ஒரே சாமான் பெட்டி. அதற்காகத்தான் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு எங்கள் கடைப் படி ஏறுகிறார்கள்.

நாலு சக்கரம்

சினிமாவில் லைட் தூக்குகிறவர் ஒருவர், வடபழனியிலிருந்து மகனோடு வந்தார். மகன் செலக்ட் ஆகிவிட்டான் என்று கடைக்குள் வரும்போதே சொல்லிவிட்டார். டீ கொடுக்க வந்த ஆளிடமும் சொன்னார். பெட்டி எடுத்து, பில் போட்டு, வாசல் பக்கம் உருட்டிக்கொண்டு போனவர் திடீரென்று நின்று, சட்டைப் பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒன்று வைத்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா, இது வண்டி இல்லப்பா" என்றான். "சக்கரம் இருக்குல்ல? தள்ளு" என்றார்.

தள்ளினான். காலிப் பெட்டி. பழம் நசுங்காமல் உருண்டு உருண்டு ஓடியது. அது சகுனத்துக்கு ஆகாது என்று அவர் முகம் வாடிப்போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் கடையில் சக்கரம், ஜிப்பு ரிப்பேர் பார்க்கிறவர் இஸ்மாயில் பாய். நல்ல கனத்த சரீரம். அவரைக் கெஞ்சிக் கூப்பிட்டுப் பெட்டிமேல் உட்கார வைத்தேன். நாலு பழமும் ஒரே தள்ளில் நசுங்கின. அந்த மனுஷன் பாய் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். தரையெல்லாம் பிசுபிசுவென்று கிடந்ததைத் துடைத்துக்கொண்டே பாய் என்னிடம் சொன்னார்: "இனிமே பெட்டிக்கு வாரண்டி ஒரு வருசம், பாய் ஒரு தடவை உக்காருவாருன்னு போர்டுல எழுதிடுங்க அண்ணே."

தட்டிப் பார்க்கிறவள்

பட்டினப்பாக்கத்திலிருந்து லூர்து வந்தது ஒரு மத்தியான நேரம். மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். வியாபாரம் முடித்து, குளித்து, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கூட மகள் பிரின்சி, காலேஜில் கணக்குப் படிக்கிறாள். அந்த வருஷம் போகிற பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

பெட்டி பார்க்கிறவர்கள் பொதுவாகக் கலர் கேட்பார்கள், கனம் கேட்பார்கள். லூர்து விரல் முட்டியால் பெட்டியின் வயிற்றில் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். மூடி சேருகிற இடத்தில் நகத்தை விட்டு நெருடிப் பார்த்தாள். தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஒரு அமுக்கு அமுக்கினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "இன்னா நைனா, தண்ணில வுழுந்தா மெதக்குமா இது?" என்றாள். நான் முழித்தேன். மகள்தான், "எம்மா, நான் ப்ளேன்ல போறேம்மா. போட்டுல இல்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

லூர்து அசரவில்லை. "ப்ளேனு இன்னா, ரோட்டு மேலயா போவுது? கடலுக்கு மேல தான போவுது. கேட்டு வெச்சா இன்னா தப்பு?"

பத்திரமாக இருக்கட்டும்

பில் போட்ட பிறகு பெட்டியை எடுத்துப் போக மாட்டேன் என்றாள் லூர்து. "இங்கயே ஒரு ஓரமா கெடக்கட்டும் நைனா. ஊட்டுக்கு எடுத்துக்கினு போனா கலாட்டா." இதைச் சொல்லும்போது பிரின்சி கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

விஷயம் இதுதான். பிரின்சியின் அப்பா சூசை, கடல் தொழில். மகளை அனுப்ப முடியாது என்று ஒரே பிடி. அப்பன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கூட்டிப்போவோம் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். அதற்கும் அந்த வாரம்தான் கெடு. "அவரு குடிகாரரா, கோவக்காரரா?" என்று கேட்டேன். லூர்துவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அய்ய, தங்கமான மனுசன். பொண்ணு மேல உசிரு. அதான் பிரச்சினயே" என்றாள்.

நான் பெட்டியைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பின்பக்கம் வைத்து, 'விற்றது - பிரின்சி' என்று சீட்டு ஒட்டினேன். அவர் அப்படி என்னதான் சொல்கிறார் என்று கேட்டதற்கு, லூர்து புருஷன் மாதிரியே குரலைத் தாழ்த்திச் சொல்லிக் காட்டினாள்: "கடலுக்குப் போனா கரையில நின்னு பாக்க ஆளு கீது. தூரத்துல வரும்போதே கலர வெச்சு யாரு போட்டுன்னு சொல்லிடுவோம். அங்க எம்பொண்ணு எந்தப் பக்கம் போனான்னு பாக்க யாரு கீறா?"

கொக்கித் தராசு

அதே காலேஜ், அதே கோஷ்டி. மயிலாப்பூர் மாட வீதி மாமி ஒருவர், மகன் கௌதமுக்குப் பெட்டி வாங்கிப் போய், மறுநாளே நிறைத்துக்கொண்டு வந்துவிட்டார். எங்களிடம் ஒரு கொக்கித் தராசு உண்டு. வாங்கினவர்கள் எடை போட்டுப் பார்க்கலாம். மாட்டினேன். முள் அதன் எல்லையைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. திறந்தால் பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய், அடியில் ஒரு இட்லிப் பானை. சட்டை இரண்டோ மூன்றோ இருந்தது.

"மாமி, அங்கே மூணு வேளையும் சோறு அவங்களே போடறாங்களே" என்றேன். மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சோறு போடுவா. கலந்துக்கறதுக்கு யார் போடுவா?"

இரண்டு பேர் ஒரே நேரத்தில்

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது சூசை வந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. உப்புக் காற்றில் சிவந்த கண், வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டின கைலி. "லூர்து ஒரு பொட்டி வெச்சிக்கீறாளாமே, எட்ரா" என்றார். பாய் என்னைப் பார்த்தார். நான் போய் எடுத்து வந்தேன். கவுண்டர்மேல் தூக்கி வைத்து என் பக்கமே தள்ளினார். "திருப்பி எடுத்துக்க நைனா. பொண்ணு எங்கியும் போவல." குரலில் சண்டை இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமியும் கடையில் இருந்தார். நிறைத்த நிறைப்பில் ஜிப்பு வாய் பிளந்து, பாய் அதைத் தைத்துக்கொண்டிருந்தார். சீட்டில் பேரைப் படித்த மாமி, நாற்காலியிலிருந்தே கூப்பிட்டார். "நீங்க பிரின்சி அப்பாவா? நல்லதாப் போச்சு போங்கோ, உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன். எங்காத்துப் பையனும் அவகூடத்தான் போறான். ராயப்பேட்டைல இறக்கி விட்டா மயிலாப்பூர் வரத் தெரியாது அதுக்கு. அவதான் சூட்டிகையா எல்லாத்தையும் கேட்டுண்டு வந்து இவாளுக்குச் சொல்றாளாம். அவ போறான்னு கேட்டப்புறம்தான் எனக்கு ராத்திரி கண்ணை மூட முடியறது. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையுங்கோ, இவனைக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லி."

சூசை மாமியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உம்புள்ளக்கு நீச்சல் தெரியுமா?" என்றார். "வாளித் தண்ணியப் பாத்தாலே பயப்படுவான்" என்றார் மாமி. முதல் தடவையாகச் சூசை முகத்தில் சிரிப்பு வந்தது. கவுண்டரைக் கொஞ்ச நேரம் கையால் தடவினார். பாய் ஊசியை நிறுத்திவிட்டார். அப்புறம் சூசை பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சக்கரம் இருக்கிறது என்று நான் சொல்வதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். படியில் நின்று மாமியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "உம்புள்ளய அவ பாத்துக்குவாம்மா. நீ தூங்கு."

உறை வாங்க வந்தவள்

அடுத்த வாரம் பிரின்சி பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் பெட்டிதானா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. நாங்கள் விற்றது கறுப்பு. வந்தது சுத்த நீலம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் படகுப் பெயின்ட் அடித்து, நடுவில் வெள்ளைப் பட்டை, பட்டைமேல் சிவப்பு எழுத்தில் 'விடிவெள்ளி'. அது அவர்கள் படகின் பெயர். கீழே படகு நம்பர்கூட இருந்தது. கடை முழுக்க டர்பன்டைன் வாசனை. பாய் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நங்கூரம் எங்கம்மா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை.

"அங்கிள், மேல போடற கவர் இருக்கா?" என்றாள். இருந்தது, கறுப்பில். போட்டுப் பார்த்தோம், கச்சிதமாக மூடிக்கொண்டது. அப்பா கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டேன். காலேஜுக்கே வந்து போட்டாராம், அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லையாம். "அப்புறம் ஏம்மா மூஞ்சி இப்படி இருக்கு? படகுக்கு அடிச்சு மிஞ்சின பெயின்ட்டை இதுல அடிச்சிட்டாருன்னா?" என்றேன். அவள் கவரின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டே சொன்னாள்: "மிஞ்சினது இல்ல அங்கிள். போட்டுக்குத்தான் பழைய டப்பா. இதுக்குப் புது டப்பா ஒடைச்சாரு."

கவரை வாங்கிக்கொண்டுதான் போனாள்.

கரையில் நின்றவர்

லீவு முடிந்து, பிரின்சியும் சூசையும் சேர்ந்து வந்தார்கள், உடைந்த ஒரு சக்கரத்தோடு. எனக்கும் பாய்க்கும் சாக்லேட் கொண்டு வந்திருந்தாள். பெட்டியின் கைப்பிடியில், போகும்போது கட்டின விமானச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊர்ப் பெயரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். இரண்டு தடவை. என் கையால் துடைத்துக் கொடுத்த பெட்டி அங்கே போய் வந்திருக்கிறது என்றால், அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

கவர் போகும்போதே கிழிந்து போய்விட்டதாம். அங்கே இறங்கி, பெட்டி வருகிற இடத்தில் நின்றால், கோஷ்டி முழுக்க வைத்திருந்தது நாங்கள் விற்ற அதே கறுப்புப் பெட்டி. யாருடையது யாருக்கென்று தெரியாமல், கௌதம் எவனுடைய பெட்டியையோ ரூம்வரை கொண்டுபோய்த் திறந்து, பொடிக்குப் பதில் பவுடரைப் பார்த்து அலறியிருக்கிறான். நீலப் பெட்டியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அன்றிலிருந்து ரயில்வே ஸ்டேஷனோ பஸ் ஸ்டாண்டோ, ஊர் மாறுகிற இடத்திலெல்லாம் பெட்டியை நடுவில் நிறுத்திவிட்டு, "தொலைஞ்சா விடிவெள்ளிகிட்ட வந்துடுங்க" என்பதுதான் பேச்சாம். அந்த ஊர்ப் புரொபசருக்கே அந்தப் பேர் வாயில் வந்துவிட்டதாம். கௌதம் இரண்டு தடவை தொலைந்து, இரண்டு தடவையும் நீலத்தைப் பார்த்து வந்து சேர்ந்தான். பொடி எல்லாம் முதல் வாரமே தீர்ந்து போயிற்று. தின்றவர்களில் பாதி வெள்ளைக்காரப் பிள்ளைகள்.

பிரின்சி சொல்லச் சொல்ல, சூசை பாய் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரம் மாற்றும்போது பெயின்ட் உரியாமல் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டிருந்தார். "ஏர்போர்ட்டுக்கு நீங்கதான் கூப்பிடப் போனீங்களா?" என்று கேட்டேன். தலையாட்டினார். காலை விமானத்துக்கு முந்தின சாயந்திரமே போய்க் கம்பியைப் பிடித்து நின்றாராம். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை என்று பிரின்சி சொன்னாள். அதற்கு அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மொதல்ல போட்டு தெரிஞ்சுது. அப்பால தான் பொண்ணு."

இந்த வருஷம் முதலாளி எல்லாக் கலரிலும் பெட்டி இறக்கி வைத்திருக்கிறார், நானும் வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறேன், எல்லோரும் கண் கலங்கக் கேட்டுவிட்டுக் கறுப்பில்தான் ஒன்று எடுத்துப் போகிறார்கள்.