அப்பா உட்கார வைத்தவர்களும் நிற்க வைத்தவரும்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நானும் அப்பாவும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பழைய குழுப்படங்களில் இருந்தவர்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தோம். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் படத்தின்மேல் நகர்த்தியபடி சொல்வார். நான் மடிக்கணினியில் அட்டவணையில் ஏற்றுவேன். படத்தின் எண், வரிசை, இடமிருந்து எத்தனையாவது, பெயர், என்னவாக இருந்தார். ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் மூன்று சொற்களில் ஒன்றுதான் வரலாம்: கொடையாளர், ஆசிரியர், முன்னாள் மாணவர். அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் நூறாம் ஆண்டு மலருக்கான அட்டவணை அது. ஓய்வுபெற்ற பிறகும் இதற்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்த முகங்களைத் தெரிந்தவர் வேறு யாரும் மிச்சமில்லை.

"முதல் வரிசை, மூணாவது. தும்மல்."

"பேரு சொல்லுங்கப்பா."

"சாக்பீஸ் தூசி ஆகாது அவருக்கு. பாடம் பாதி, தும்மல் பாதி." பிறகு பெயரைச் சொன்னார். "ஆசிரியர்."

"பின் வரிசை ஓரத்துல, கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கிறவரு?"

"மூணு தடவை ஃபெயில்."

"அதையும் போடவா?"

"வேணாம். பின்னால நீதிபதி ஆயிட்டான். முன்னாள் மாணவர்னு மட்டும் போடு."

அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அம்பது வருஷத்துக்கு முன்னாடி கழுத்தைச் சாய்ச்சவன் யாருன்னு தெரியுது. காலையில மாத்திரை போட்டாச்சான்னு கேட்டா முழிக்கிறாரு."

"மாத்திரைக்கு முகம் இல்லையே," என்றார் அப்பா.

அன்று நூற்றுப் பன்னிரண்டு முகங்கள் முடித்தோம். ஒன்று மட்டும் மீதி. இரண்டாம் வரிசையில், நாற்காலிகளுக்குப் பின்னால், மாணவர்களோடு நிற்கும் ஒரு பெண். ஒல்லியானவர். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அப்பா பெயரைச் சொன்னார். ஏற்றினேன். ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

"அதை விடு. நான் அவங்களைப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

"இருக்காங்களா?"

"இருக்காங்க. பஸ்ல ஒரு மணி நேரம்."

வெள்ளிக்கிழமை காலை முகம் கழுவும்போது விழுந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது எழுபத்து மூன்று.

அவர் பதிவாளர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தபோது வயது இருபத்தொன்று. முப்பத்தேழு வருடம் கழித்துப் பிரிவுக் கண்காணிப்பாளராக வெளியே வந்தார். பல்கலைக்கழகம் என்று பெயரே தவிர, கட்டடம் மூன்று, மணி ஒன்று. அந்த மணியை அடித்தால் கடைசி வகுப்பறைவரை கேட்கும். அப்பாவின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உயரமானவர்கள் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். "துணைவேந்தரே எனக்குத் தலை வணங்கித்தான் வருவாரு," என்று எங்களிடம் சொல்வார். வீட்டில் அவர் செய்த ஒரே நகைச்சுவை அதுதான் என்று அம்மா சொல்வாள். அதையும் முப்பத்தேழு வருடம் செய்தார்.

அவருடைய எழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஒரு தாளில் இரண்டு அடித்தல் விழுந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். என் பள்ளி விடுப்புக் கடிதங்களைக்கூட அப்படித்தான் எழுதினார். காய்ச்சல் சரியாகி நான் விளையாடப் போன பிறகும் கடிதம் முடிந்திருக்காது.

அப்படிப்பட்டவர் செய்த பெரிய தவறை, செவ்வாய்க்கிழமை மடிக்கணினியை மூடிய பிறகு அவரே என்னிடம் சொன்னார். அம்மாவுக்கும் அதுவரை தெரியாது.

பல்கலைக்கழகத்தின் ஐம்பதாம் ஆண்டில் வரலாற்று நூல் ஒன்று போட்டார்கள். அப்பாவுக்கு அப்போது இருபத்து மூன்று. நூலின் பின்னிணைப்பைத் தயாரிக்கும் வேலையை அவரிடம் கொடுத்தார் பதிவாளர். கொடையாளர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் என்று மூன்று பட்டியல்கள். ஒரு மாதம் அவகாசம். பழைய பதிவேடுகள் கூரை ஒழுகும் ஒரு அறையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அப்பா மூட்டைகளைப் பிரிக்கவில்லை. ஆண்டுதோறும் எடுத்த குழுப்படங்கள் மண்டபத்தில் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அப்போது பெயர்கள் எழுதியிருந்தன; பின்னால் அவை அழிந்துவிட்டன. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஆசிரியர்கள், பின்னால் நின்றவர்கள் மாணவர்கள். எந்தப் படத்திலும் அதுதானே வழக்கம். அதை வைத்துப் பட்டியலைப் போட்டுவிட்டார். இருபது நாளில் முடித்ததற்குப் பதிவாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

நிலம் கொடுத்த கொடையாளர் ஒருவர் இருந்தார். படம் எடுக்கும் நாளில் தவறாமல் வருவார். கூடவே தன் கார் ஓட்டுநரையும் நாற்காலியில் உட்கார வைப்பார். "அவனும் மனுஷன்தானே, உட்காரட்டும்" என்பாராம். நாற்காலிகள் எண்ணிப் போடப்பட்டவை. ஓட்டுநர் உட்கார்ந்தால் ஒருவருக்கு இல்லை. ஆசிரியர்களில் இளையவர், ஒரே பெண், எழுந்து பின்னால் போய் நின்றுவிடுவார். பதினோரு வருடம், பதினோரு படம். தாவரவியல் கற்பித்த அந்த டீச்சர் நூலில் முன்னாள் மாணவி ஆனார். ஓட்டுநர் ஆசிரியர் ஆனார்.

நூல் வெளிவந்து இரண்டு வாரத்தில் ஓட்டுநர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நூல்.

"தம்பி, இதை எழுதினது நீங்கதானா?"

"ஆமாங்க."

"என்னை வாத்தியாரா ஆக்கிட்டீங்களே. எங்க வீட்டுல இப்ப யாரும் என்கிட்ட எதிர்த்துப் பேசுறதில்லை. என்ன பாடம்னு மட்டும் சொல்லிடுங்க, மச்சான் கேக்குறான்."

அலுவலகமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். "அன்னைக்கே கேட்டிருக்கணும்," என்றார் என்னிடம். "இவரு உட்கார்ந்தது யாரு நாற்காலின்னு. கேக்கலை. சிரிச்சேன்."

வேறு யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டேன். நூல் கையில் கிடைத்தவர்கள் எல்லாம் தங்கள் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடினார்கள் என்றார். நூல் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே டீச்சர், கணவருக்கு உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போயிருந்தார்.

ஆறு வருடம் கழித்து அவரிடமிருந்து பதிவாளருக்கு ஒரு கடிதம் வந்தது. கணவர் இறந்துவிட்டார். ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். பதினோரு ஆண்டு கற்பித்ததற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். கடிதம் அப்பாவின் மேசைக்கு வந்தது. சம்பளப் பதிவேட்டில் தேடினார். பெயர் இல்லை. அந்தப் பணியிடத்தைக் கொடையாளரின் அறக்கட்டளை நேரடியாக நடத்தியது என்பது அப்பாவுக்குத் தெரியாது. கொடையாளரும் இல்லை, துறைத்தலைவரும் இல்லை, இருவரும் இறந்துவிட்டார்கள். அச்சிட்ட நூலைப் பார்த்தார். நாற்பத்தாறாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. பதில் எழுதினார். எமது வரலாற்று நூலின்படி தாங்கள் இங்கு மாணவியாக இருந்தவர், ஆசிரியராகப் பணியாற்றியதற்குச் சான்று ஏதும் இல்லை. பதிவாளர் படிக்காமலே கையெழுத்திட்டார்.

அந்த டீச்சர் அங்கே ஒருநாளும் மாணவியாக இருந்ததில்லை. படித்தது வேறு இடத்தில்.

நான் எடைக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். சரிபார்க்காத எடைக்கல்லைக் கொண்டு இன்னொன்றைச் சரிபார்க்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லித்தருவார்கள். அப்பா தான் எழுதிய பட்டியலை வைத்தே அந்தப் பெண்ணைச் சரிபார்த்திருக்கிறார். இதை அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. "ஆமா," என்றார், "அதேதான்."

டீச்சர் மறுபடி எழுதவில்லை. தலைமையாசிரியர் வேலை கிடைக்கவில்லை. அதே பள்ளியில் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் உதவியாளராக இருபது வருடம் வேலை பார்த்தார். இதை அப்பா வெகுநாள் கழித்து விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதானபோது ஒழுகும் கூரையை இடித்தார்கள். மூட்டைகளை வேறு அறைக்கு மாற்றும்போது ஒன்று அவிழ்ந்தது. உள்ளே ஆசிரியர் வருகைப் பதிவேடுகள். தாவரவியல். பதினோரு வருடமும் டீச்சரின் கையெழுத்து, நாள் தவறாமல். அப்பா தரையிலேயே உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தாராம். பிறகு மூட்டையைக் கட்டி வைத்துவிட்டார். பதினெட்டு வருடம் யாரிடமும் பேசவில்லை.

"ஏன்ப்பா?"

"ஓய்வுக்கு மூணு வருஷம் இருந்துச்சு. அப்புறம் பார்த்துக்கலாம்னு. அப்புறம் ஓய்வும் வந்துடுச்சு." உருப்பெருக்கியைத் துடைத்தபடி சொன்னார்: "வெக்கம்மா. வேற ஒண்ணுமில்லை."

நூறாம் ஆண்டு மலர் அவருக்கு ஒரு வழி காட்டியது. டீச்சரைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதினார். அதைத் தட்டச்சு செய்யக்கூட என்னிடம் தரவில்லை, கையாலேயே எழுதினார். துறை, ஆண்டுகள், அவர் தொடங்கிவைத்த செடித் தோட்டம், உலர்த்தி ஒட்டிய நானூறு இலை மாதிரிகள், கடைசியில் முந்தைய நூலின் நாற்பத்தாறாம் பக்கம் தவறு என்று ஒரு வரி. ஆனால் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

"ஒரு தடவை அவங்களைக் கேக்காம அவங்க வாழ்க்கையை எழுதிட்டேன். ரெண்டாவது தடவையும் கேக்காம எழுதக் கூடாது. அவங்க பார்க்கணும். அந்தப் பதில் கடிதம் நான் எழுதினதுன்னு என் வாயால சொல்லணும். அப்புறம் அவங்க சரின்னா போடு, வேணாம்னா விட்டுடு."

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய மூன்று சனிக்கிழமைகளும், எங்கே என்று எங்களிடம் சொல்லாமல், கிளம்பியிருந்தார். முதல் சனிக்கிழமை மழை என்று திரும்பினார். தெருவில் யாரும் குடை பிடித்திருக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை பஸ் வந்தது, உட்கார இடம் இல்லை என்று ஏறவில்லை. மூன்றாவது முறை தேய்த்த சட்டை போட்டுத் தலைவாரி வாசலுக்குப் போனவர், செருப்பு கடிக்கிறது என்று உள்ளே வந்தார்.

"பொண்ணு பாக்கப் போறவரு மாதிரி என்ன தயக்கம்?" என்றாள் அம்மா. விஷயம் தெரியாமல்தான் கேட்டாள். "என்னைப் பாக்க வந்தப்பகூட இவ்வளவு யோசிக்கலை."

"அப்ப யோசிச்சிருக்கணும்," என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள். நான்காவது சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் மாடிப்படி அறையைப் பற்றியும் அடித்தல் இல்லாத தாள்களைப் பற்றியும் பேசினார்கள். ஒருவர், "அவரு எழுதினா அது சட்டம்," என்றார். நான் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனேன்.

திங்கட்கிழமை அச்சகத்திலிருந்து ஆள் பேசினார். துக்கம் விசாரித்தார். ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, புதன்கிழமைக்கு மேல் தாங்காது என்றார். கட்டத்தை நிரப்ப எனக்கு ஒரு நொடி போதும். நிரப்பவில்லை.

அப்பாவின் சட்டைப் பையில் உறை இருந்தது. உள்ளே அந்தப் பக்கம், வெளியே முகவரியும் தொலைபேசி எண்ணும். கூப்பிட்டேன். மருமகள் எடுத்து, "அத்தே, உங்களுக்குத்தான்," என்று கொடுத்தார். எண்பத்தேழு வயதுக் குரல், நடுக்கம் இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னேன்.

"அங்கேருந்து எனக்கு ஒரே ஒரு கடிதம்தான் வந்துச்சு. இப்ப என்ன?"

"உங்களைப் பத்தி எங்கப்பா ஒரு பக்கம் எழுதியிருக்காரும்மா. அங்க வேலை பார்த்தவரு. உங்ககிட்ட காட்டணும்னு இருந்தாரு."

"அவரு எங்கே?"

சொன்னேன்.

பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"பக்கத்தைக் காட்ட மட்டுமா வரேன்னாரு?"

"இல்லைம்மா. வேற ஒண்ணும் சொல்லணும்னு இருந்தாரு."

"என்னது?"

வாய்வரை வந்தது. அது தொலைபேசியில் சொல்லும் செய்தி இல்லை. என் வாயால் சொல்லும் செய்தியும் இல்லை.

"வந்திருக்கலாமே," என்றார் டீச்சர். "நான் எங்கேயும் போறதில்லையே."