கத்தியதும் கூவியதும்

பறவை ஆய்வு மையத்தின் ஒலிப்பதிவு அறையில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பட்டப்பெயர். பதினோரு வருடம் காடு மேடெல்லாம் அலைந்து அவள் பதிந்த பறவைக் குரல்கள், அவளுடைய குறிப்புகளோடு ஒரு புத்தகமாக வந்தன. அட்டையில் மைய இயக்குநரின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்துகொண்டேயிருந்தது.

மறுபதிப்புக்குப் புதிய பறவை ஒன்றைத் தேடி அவர் அவளுடைய குறிப்புகளைக் குடைந்தார். ஒரு தாளில் "உச்சிக்கிளையில், மழைக்குப் பின் கத்தியது" என்றிருந்தது. 'கத்தியது' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'கூவியது' என்று திருத்தி அவள் மேசையில் வீசினார்.

"பறவை கத்துமா? கூவும்னு எழுதணும். ஒரு வார்த்தை உருப்படியா எழுதத் தெரியாதவங்கள வச்சுக்கிட்டு மாரடிக்க வேண்டியிருக்கு."

அது மரத்தவளை. முந்தைய தாளில் தலைப்பாகவே எழுதியிருந்தாள். மகானுபாவர் அதைப் புரட்டவில்லை. அவள் சிவப்பு மை பட்ட தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லிடலாம்ல?" என்றான் வீட்டில் கணவன்.

"கேட்டா சொல்லுவேன். கேக்கலையே," என்றவள் அன்று ஒரு பிடி கூடவே சாப்பிட்டாள்.

வெளியீட்டு விழாவில் அரங்கு நிரம்ப நிபுணர்கள். இயக்குநர் தன் புதிய பறவையின் இரண்டு பதிவுகளை, வெயிலில் பதிந்தது ஒன்று, குளிரில் பதிந்தது ஒன்று என்று சொல்லி ஒலிக்கவிட்டார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"வெயில் நேரத்துல வேகமா இருக்கு, குளிர்ல இழுத்து இழுத்து வருது. ஒரு பறவை இப்படிக் கூவுமா?"

இயக்குநர் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். தப்பிக்க வேறு வழி தெரியாமல் அவளைக் கைகாட்டினார். "எல்லாத்தையும் பதிஞ்சது இவங்கதான். இவங்களே சொல்லுவாங்க."

பதினோரு வருட அலைச்சலுக்கு அவள் எதிர்பார்த்திருந்த வாக்கியம் ஒலிபெருக்கியில் அரங்கம் முழுக்கக் கேட்டது. அவள் நிதானமாக மேடையேறினாள்.

"கூவாதுங்க. பறவைக்கு உடம்புச் சூடு மாறாது, குளிர்ந்தாலும் அதே வேகத்துல கூவும். மரத்தவளைக்குக் குளிர்ந்தா கத்தறது மெதுவாயிடும். இது மரத்தவளை."

கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தாள்.

"நான் 'கத்தியது'ன்னுதான் எழுதினேன். சிவப்பு மை ஐயாவோடது. புத்தகம் முழுக்க அவர் பேர்தானே இருக்கு, இந்தத் திருத்தமும் அவர் பேர்லயே இருக்கட்டும்."