ஏழாவது நோட்டு

மருந்தாளுநர் வேலையில் மாத்திரையை எண்ணிக் கொடுப்பது சுலபம். கொடுத்த மாத்திரை எப்போது வயிற்றுக்குள் போகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் நமக்கே பிரஷர் வந்துவிடும். பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் அரசு சுகாதார நிலையத்தில் பதினான்கு வருடமாக மருந்து ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். மாதாமாதம் மருந்து நோட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்பவர்களே, உங்கள் கால்வலி எனக்குத் தெரியும். என் தொண்டைவலியையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஒரு பை, ஏழு நோட்டு

பக்கத்துக் குப்பத்திலிருந்து கன்னியம்மா மாதம் ஒரு முறை வருவார். ஆளாளுக்கு ஷேர் ஆட்டோவில் எதற்கு அலைய வேண்டும் என்று, தெருவில் பிரஷர், சுகர் உள்ள ஏழு பேரின் நோட்டையும் வாங்கி பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வருவார். பிரித்தாலே கருவாட்டு வாசம் வரும்.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆளே வராமல் நோட்டு மட்டும் வந்தால் டாக்டர் எதைப் பார்த்து எழுதுவார்? எப்போதாவது ஆளையும் கூட்டி வரவேண்டாமா என்று கத்தினேன். கன்னியம்மா அசரவில்லை.

“யாருக்கு எவ்ளோ பிரஷர்னு எனக்குத் தெரியும் சார். தெருவுல சத்தம் கேக்குதே.”

வராத நோட்டு

பதிவேட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். ஏழும் வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன்; ஆறு நோட்டுக்குத்தான் மாதாமாதம் மாத்திரை போகிறது. ஏழாவது நோட்டு, கன்னியம்மாவின் கணவர் ஏழுமலையுடையது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. முப்பது மாத்திரையை வைத்துக்கொண்டு மனிதர் தொண்ணூறு நாள் ஓட்டுகிறார்! அவருடைய அண்ணன் பிரஷர் ஏறி, கைகால் விழுந்து, அதே வீட்டில் படுக்கையாகக் கிடக்கிறார். இன்னொருவரும் விழுந்தால் யார் பார்ப்பது? எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அடுத்த முறை வீட்டுக்காரரைக் கூட்டி வாருங்கள் என்றேன். எதற்கும் அசராத கன்னியம்மாவின் முகம் வாடிவிட்டது.

“கேட்டா ‘மாத்திரை இன்னும் கீது’ன்றாரு சார். அவங்க அண்ணனுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் எனக்கு இவரு நெனப்புதான் வருது.”

தண்ணீரில் இறங்கும் நாள்

மறுவாரமே ஏழுமலை வந்தார். பிரஷர் எக்கச்சக்கம். மாத்திரை போட்டும் இறங்கவில்லையே என்று டாக்டரம்மா இரட்டிப்பாக எழுதிவிட்டார். நோட்டு என் கைக்கு வந்ததும், பழைய மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து எடுத்தார். பத்து மாத்திரையில் ஏழு அப்படியே இருந்தது.

எங்கள் ஏரியில் இறால் பிடிக்க முறை உண்டு. இன்று ஒரு குப்பம் வலை போட்டால் நாளை இன்னொரு குப்பம், மறுநாள் மூன்றாவது குப்பம். இதற்குப் பாடு என்று பெயர். ஏழுமலைக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை பாடு. மாத்திரையும் அதே முறையில்! நோட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் இரட்டிப்பை அடித்துவிட்டு, பழைய மாத்திரையையே தினமும் போடச் சொன்னார். ஏழுமலைக்கு ஒன்றும் புரியவில்லை.

“தண்ணியில எறங்கினாத்தானே சார் தலை சுத்தும்? கரையில குந்திக்கினு கீற நாள்ல எனக்கு இன்னா பிரஷர்?”

மூன்று ஓட்டை

எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன். கன்னியம்மா அதற்கு முன்பிருந்தே பார்க்கிறார் போலும். நேராகப் போய், கணவரோடு படகில் போகும் மூன்று பேரிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பாடு உள்ள நாளில், படகில் கால் வைப்பதற்கு முன் ஏழுமலை மாத்திரை அட்டையைக் காட்ட வேண்டும். போன தடவைக்குப் பிறகு புதிதாக மூன்று ஓட்டை இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஏற்ற மாட்டார்கள்.

மாத்திரையைப் பிய்த்துத் தூர எறிந்துவிட்டு ஓட்டையைக் காட்டலாமே என்று எனக்குச் சந்தேகம். இரண்டு மாதம் கழித்து அவரே நோட்டோடு வந்தார். பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. எழுதியிருந்த எண்ணை இரண்டு தடவை படித்தேன். கண் கலங்கியதை மறைக்க, மாத்திரை தேடுவது போலக் குனிந்துகொண்டேன். ஏழுமலைக்கோ ஒரே புலம்பல்.

“வலையில ஓட்டை இருந்தா திட்றானுங்க, அட்டையில ஓட்டை இல்லன்னாலும் திட்றானுங்க. நான் எங்க சார் போவேன்?”

பதினான்கு வருடம் தொண்டை கிழியக் கத்தி நான் சாதிக்காததை, ‘படகில் ஏற்ற மாட்டோம்’ என்று சொல்லியே சாதித்த அந்த மூன்று பேரும் இப்போது தங்களுக்கும் பிரஷர் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்துகொண்டுவிட்டதால், கன்னியம்மாவின் பையில் மாதாமாதம் பத்து நோட்டு வருகிறது.